கேள்வி – பதில்: அங்கவடி இல்லாத குதிரையில் ஓர் ஆளுநர்

தீவுத்திடல் அருகே நிற்கும் மன்றோ சிலையைப் பற்றிக் கேட்டிருந்த ஒரு வாசகருக்குச் சென்ற இதழில் இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தோம். அந்தச் சிக்கனம் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் கும்பினி ஆட்சிக்காலத்தில் சென்னையின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவுக்கே ஒதுக்கிவிட்டோம். கிரிக்கெட், சினிமா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மன்றோவின் சிலையில் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைத்து ஏறும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துபோய்விட்டார் என்றும், சிலை திறந்த பிறகு யாரோ சுட்டிக்காட்டியதும் அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் சிறு வயதிலிருந்து கேட்டுவருகிறேன். இது உண்மையா?
— திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி எங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. சிலையை வடித்தவர் சர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி என்னும் ஆங்கிலச் சிற்பி. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிச் செய்யப்பட்ட இச்சிலை 1839 அக்டோபரில் சென்னையில் திறந்துவைக்கப்பட்டது. சான்ட்ரி 1841இல் லண்டனில் நோயினால் இறந்தார். அவரே வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலை லண்டன் ட்ராஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. அதிலும் அங்கவடி இல்லை. வெலிங்டன் பிரபுவுக்கு அவர் வடித்த குதிரைச் சிலையிலும் இல்லை. ஒருவர் ஒரு முறை மறக்கலாம், மூன்று முறையும் அதையேவா மறப்பார்? அங்கவடி என்பதையே அறியாத பழைய ரோமானியர்களின் குதிரைச் சிலைகளை முன்மாதிரியாகக் கொண்டு அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்பதுதான் விஷயம்.

எங்களுக்கு அந்தச் சிலையில் குறையாகப் படுவது வேறொன்று. மன்றோவைப் படைத்தலைவர் கோலத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் படைவீரர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் இந்த மண்ணில் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் வாள் அல்ல, நிலம் அளக்கும் சங்கிலி. கீழே வரும் பதில்களில் அதுவே திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

கேள்வி: ஆளுநர் பதவிக்குப் பிரபுக்களையும் அரசியல் செல்வாக்கு உள்ளவர்களையும்தானே இங்கிலாந்திலிருந்து அனுப்புவார்கள்? ஒரு சாதாரணப் படைவீரர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்?
— ஆம்பூர் வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது சரி. மன்றோவுக்கு முன் சென்னையை ஆண்டவர்களில் மெக்கார்ட்னி, ஹோபார்ட், பென்டிங்க் போன்றவர்கள் பிறப்பாலோ செல்வாக்காலோ அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். மன்றோ அந்த வழியில் வந்தவர் அல்லர்.

அவர் 1761ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்துக்கு எதிராகப் போர் தொடுத்தபோது அந்த வணிகம் முறிந்து, குடும்பம் நொடித்துப் போனது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு ஒரு வணிகரிடம் கணக்கு வேலை பழகிக்கொண்டிருந்த மகன், கிழக்கிந்தியக் கும்பினியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. இளமையில் கண்ட அம்மை நோயினால் காது சற்று மந்தம். டான் குவிக்ஸாட் கதையை மூலத்தில் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியைத் தானாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அது.

அவர் வந்த நேரம் அப்படி ஒன்றும் நல்ல நேரம் அல்ல. அதே ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. சில மைல் தொலைவில் இருந்தும் உதவிக்குப் போகாமல், பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கிய சர் ஹெக்டர் மன்றோவின் படையில்தான் நம் மன்றோ இருந்தார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். அதன்பின் சர் ஐர் கூட்டின் தலைமையில் பரங்கிப்பேட்டை, சோளிங்கர் எனச் சண்டைகள் தொடர்ந்தன. 1784இல்தான் அமைதி திரும்பியது.

இந்தியாவுக்குப் போனால் பணம் கொட்டும் என்று ஊரில் நினைத்திருந்தார்கள். 1789இல் தன் சகோதரிக்கு அவர் எழுதிய கடிதம் அந்த நினைப்பைப் பரிகசிக்கிறது. பசி, தாகம், களைப்பு, வறுமை ஆகிய நான்கையும் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் அறிந்துகொண்டதாக அதில் எழுதுகிறார். வந்து மூன்று ஆண்டுகள்வரை புத்தகமோ தோட்டாப் பையோதான் தலையணை. நான்கு குறுக்குக் கட்டைகளில் இழுத்துக் கட்டிய முரட்டுத் துணிதான் கட்டில். குளிர் அடித்தால் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பெரிய கோட்டின் கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, கீழ்ப்பகுதியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். அப்போது அவருக்கு வயது 27, இந்தியாவுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கும்பினிப் படையில் முன்னால் இருப்பவர் இடம் காலியானால்தான் பின்னால் இருப்பவருக்கு உயர்வு. அந்த வரிசையில் நின்றே அவர் முதுமை அடைந்திருக்கக்கூடும்.

அவரை அந்த வரிசையிலிருந்து வெளியே இழுத்தது மொழி. உடன் இருந்த இளம் அதிகாரிகளில் பெரும்பாலோர் கவலைப்படாத ஒன்றை அவர் செய்தார்: பாரசீகமும் இந்துஸ்தானியும் முறையாகக் கற்றார். அதனால் 1788இல் உளவுப் பிரிவில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர் ஆனார். 1792இல் ரீடுக்குப் பாராமகால் சீமையின் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) வருவாய் நிர்வாகம் கிடைத்தபோது மன்றோவும் உடன் சென்றார். பிறகு 1799இல் கன்னடச் சீமை. 1800 முதல் 1807 வரை நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, அனந்தபூர், கடப்பைப் பகுதிகள். ஏழு ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்துவிட்டு 1814இல் நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகத் திரும்பி வந்தார். 1817–18 மராத்தியப் போரில் கைக்கு எட்டிய சிறு படையையும், ஊர்களில் திரட்டிய சேவகர்களையும் வைத்துக்கொண்டு பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைப் பிடித்தார். அதற்காக ஜார்ஜ் கானிங் நாடாளுமன்றத்திலேயே அவரைப் புகழ்ந்தார். இந்திய விவகாரங்களைக் கவனித்த வாரியத்தின் தலைவர் அந்தக் கானிங்தான். எனவே 1820 ஜூனில் மன்றோ சென்னையின் ஆளுநராகப் பதவியேற்றபோது வியந்தவர்கள் குறைவு. தலையணைகூட இல்லாமல் வந்திறங்கிய ஊருக்கு, 40 ஆண்டுகள் கழித்து அவர் ஆளுநர்.

கேள்வி: எங்கள் ஊரில் மன்றோ பல ஆண்டுகள் வசித்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படைவீரர் ஒருவருக்கு வரி வசூலில் என்ன வேலை? ரயத்துவாரி முறையை இங்கேதான் அவர் கண்டுபிடித்தாரா?
— தருமபுரி வாசகர்

பதில்: வசித்தது உண்மை. 1792 முதல் 1799 வரை ஏழு ஆண்டுகள் அவருக்குத் தருமபுரியே இருப்பிடம். அங்கே ஒரு தோட்டம் போட்டிருந்தார். அதை விட்டுப் பிரிய மனம் வரவில்லை என்பதை அவருடைய கடிதங்களில் காணலாம். மழை ஓயாத கன்னடக் கடற்கரைக்கு மாற்றியபோது, திரும்பப் பாராமகாலுக்கே அனுப்பிவிட மாட்டார்களா என்று ஏங்கியவர் அவர்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சேலமும் பாராமகாலும் அப்படித்தான் கும்பினியின் கைக்கு வந்தன. சென்னையிலிருந்த கும்பினியின் சிவில் அதிகாரிகளில் மக்கள் மொழி தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள் சொன்னதே அவர்களுக்கு வேதம். அந்தச் சிவில் அதிகாரிகள்மேல் நம்பிக்கை இல்லாத கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு, படையிலிருந்து மொழி தெரிந்த ரீடைத் தேர்ந்தெடுத்தார். ரீடுக்குத் துணையாக மன்றோ, கிரஹாம், மெக்லியாட் ஆகியோர் வந்தனர். தேவை வந்த இடத்தில் படைவீரர்கள் போய் உட்கார்ந்தார்கள் என்பதே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். ரயத்துவாரியை, அதாவது இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே சர்க்கார் நேராகத் தீர்வை வாங்கும் முறையை, மன்றோ ஒருவரே கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பாடங்கள் சொல்வது ரீடுக்குச் செய்யும் அநியாயம். வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களோடு நிரந்தர ஒப்பந்தம் செய்தார்கள்: இன்ன தொகையை ஆண்டுதோறும் கட்டிவிடு, குடியானவனிடம் எவ்வளவு வாங்கினாலும் அது உன் பாடு. பாராமகாலில் அப்படி ஒப்பந்தம் செய்ய ஜமீன்தார்கள் இல்லை. ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு குடியானவனின் பெயரிலும் அவன் உழும் நிலத்தின் அளவிலும் தீர்வையை எழுத வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக் குத்தகையாக எல்லாவற்றையும் கட்டிப்போட ரீடு முதலில் முயன்றார், குடியானவர்கள் இசையவில்லை. ஒரு போகம் மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு எந்த நிலத்தை உழ முடியும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விட்டுவிடவும் குடியானவனுக்கு உரிமை உண்டு என்று 1796இல் ரீடு அறிவித்தார். ரயத்துவாரியின் கரு அங்கே இருக்கிறது. தொடக்கத்தில் ஐயத்தோடு பார்த்த மன்றோ, பிறகு அதை யாரையும்விட உறுதியாகப் பற்றிக்கொண்டார்.

அந்த முறை முழு வடிவம் பெற்றது பெல்லாரி, அனந்தபூர், கடப்பைச் சீமையில்தான். 1802இல் வயல் வயலாக நில அளவை தொடங்கியபோது அளக்கத் தெரிந்தவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் நான்கு குமாஸ்தாக்கள் மட்டுமே. அவர்களிடம் பிறர் பழகினார்கள். மெல்ல மெல்ல நூறு பேர் ஆனார்கள். 33 அடி நீளச் சங்கிலியை நாற்புறமும் போட்டால் ஒரு குண்டை, 40 குண்டை ஒரு ஏக்கர். மன்றோவும் கூடாரத்திலேயே குடியிருந்து ஊர் ஊராகச் சென்றார். கன்னடச் சீமையில் இருந்தபோதே, விடியற்காலை முதல் இரவு பதினொன்று பன்னிரண்டு மணிவரை தன்னைச் சுற்றிக் கூட்டம் இருப்பதாகவும், தனியாக இருப்பது சாப்பிடும்போது மட்டும் என்றும், அந்தச் சாப்பாட்டு நேரமெல்லாம் சேர்த்தால்கூட ஒரு மணி நேரம் ஆகாது என்றும் எழுதியிருக்கிறார். காது மந்தமான ஒருவர், நாள் முழுவதும் நூறு குடியானவர்களின் குறைகளைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியை நீங்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இத்தனை அளந்த பிறகு அவர் கண்டது என்ன? தீர்வை மிக அதிகம் என்பதைத்தான். மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு சர்க்காருக்குப் போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் குடியானவனுக்கு நிலத்தின்மேல் பற்று வராது என்று கணக்கிட்டார். எல்லா நிலங்களுக்கும் 25 விழுக்காடும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்கு அதற்கு மேல் 8 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்று 1807 ஆகஸ்டில் பரிந்துரைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். பணமுடையில் இருந்த கும்பினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் முறையைக் கொண்டுவந்து, குத்தகைதாரர்களையும் குடியானவர்களையும் ஒருசேரக் கெடுத்தது. 13 ஆண்டுகள் கழித்து ஆளுநராக வந்து உட்கார்ந்தபோதுதான், தான் கேட்டிருந்த குறைப்பைத் தானே ஆணையிட்டு நிறைவேற்ற அவரால் முடிந்தது. கலெக்டர் எழுதிய விண்ணப்பத்துக்கு அவரே ஆளுநராகி ஒப்புதல் கொடுத்த வேடிக்கையை நிர்வாக வரலாற்றில் அடிக்கடி காண முடியாது.

உங்கள் மாவட்டத்துக்கு நேர்ந்தது இன்னும் பெரிய வேடிக்கை. ரயத்துவாரி பிறந்த அதே சேலம், பாராமகால் பகுதியை, ரீடும் மன்றோவும் அகன்ற சில ஆண்டுகளிலேயே மிட்டாக்களாகத் துண்டுபோட்டு ஏலம் விட்டார்கள். வங்காளத்து ஜமீன் முறையின் சிறிய நகல் அது. பல மிட்டாதார்கள் தொகை கட்ட முடியாமல் விழுந்தார்கள். நிலம் மறுபடி சர்க்காரிடமே வந்து சேர்ந்தது. பட்டா, பசலி, ஜமாபந்தி போன்ற சொற்கள் மன்றோவுக்கு முந்தியவை. ஆனால் இன்றும் ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டுக்குக் கணக்கு முடிப்பதற்காகத் தாலூகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில், தன் பெயரில் உள்ள பட்டாவோடு ஒரு விவசாயி நேரே போய் நிற்கிறார் என்றால், இடையில் ஜமீன்தார் இல்லாத அந்த நேரடித் தொடர்பு இவர்கள் வகுத்துவைத்ததுதான்.

கேள்வி: கொல்லத்துக்கு அருகே அஷ்டமுடிக் காயலில் உள்ள மன்றோத் தீவு இவர் பெயரால் அமைந்ததா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: அல்ல. அது கர்னல் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்டாக இருந்தவர், சில ஆண்டுகள் திவானாகவும் இருந்தார். ஹெக்டர், தாமஸ், ஜான் என மூன்று மன்றோக்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், மூவரும் ஸ்காட்லாந்தினர், மூவரும் படைவீரர்கள். குழம்புவது உங்கள் தவறு அல்ல.

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றி மன்றோ ஏதேனும் கருத்துச் சொல்லியிருக்கிறாரா?
— வேலூர் வாசகர்

பதில்: சொல்லியிருக்கிறார். ஜூலை 10ஆம் தேதி கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த பிறகு, கோட்டையில் சிறையிருந்த திப்புவின் பிள்ளைகள் செய்த சதி அது என்ற பேச்சே சென்னையில் ஓங்கியிருந்தது. ஆகஸ்டில் ஆளுநர் பென்டிங்குக்கு எழுதிய கடிதத்தில் மன்றோ அதை ஏற்கவில்லை. புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறி, மீசை, தாடி பற்றிய புது உத்தரவுகளும் தங்களைக் கிறிஸ்தவர்களாக்கும் ஏற்பாடு என்றே இப்பகுதியில் விவரம் தெரிந்தவர்கள்கூட நம்புகிறார்கள் என்றும், ஐரோப்பியர்களுக்கு அது விந்தையாகத் தோன்றினாலும் உண்மை அதுதான் என்றும் எழுதினார். ஊர் மந்தையில் உட்கார்ந்து கேட்டவருக்குத் தெரிந்தது கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: மந்திராலயத்தில் ஸ்ரீ ராகவேந்திரர் மன்றோவுக்கு நேரில் காட்சி தந்து உரையாடினார் என்பார்கள். இதில் உங்கள் கருத்து என்ன?
— கோயம்புத்தூர் வாசகி

பதில்: மடத்து மானிய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்வது குறித்து விசாரிக்க வந்த மன்றோ, தொப்பியையும் காலணியையும் கழற்றிவிட்டுச் சுவாமிகளின் சமாதியான பிருந்தாவனத்தின் முன் நின்றார் என்றும், பிறர் கண்ணுக்குத் தெரியாத சுவாமிகளோடு அவர் மட்டும் பேசினார் என்றும், பிறகு மானியம் மடத்துக்கே நிலைத்தது என்றும் பக்தர்கள் சொல்லிவருகிறார்கள். ராகவேந்திரர் பிருந்தாவனம் புகுந்தது 1671இல். மன்றோ அப்பகுதிக்குக் கலெக்டராக வந்தது 1800இல். நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை, அதில் நாங்கள் தலையிட மாட்டோம்.

எங்கள் கவனத்தை ஈர்ப்பது அந்தக் கதையில் அவர் தொப்பியையும் காலணியையும் கழற்றும் இடம். மானியப் பரிசோதனைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருவரா, இருவரா? மக்கள் இந்தக் கதைக்கு அவர்களில் மன்றோவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அனந்தபூர்ப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்த குடும்பங்களும் இருந்தன.

கேள்வி: ஆங்கிலேயர் வருவதற்கு முன் நம் நாட்டில் கல்வியே இல்லை என்று சிலரும், எல்லாருக்கும் கல்வி இருந்தது என்று சிலரும் மேடைகளில் பேசுகிறார்கள். இரு தரப்பாரும் மன்றோவின் கணக்கெடுப்பையே சான்று காட்டுகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு உண்மையில் என்ன சொல்கிறது?
— தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, தங்கள் கேள்விக்கு நன்றி. நாட்டின் பள்ளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவற்றைப் பற்றித் திட்டம் போடுவது வீண் என்று கருதிய மன்றோ, 1822 ஜூனில் எல்லாக் கலெக்டர்களிடமும் விவரம் கேட்டார். எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தெந்த வகுப்பார், ஆசிரியருக்கு என்ன வருமானம் என்று கேள்விகள் போயின. பதில்கள் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650 பேர், மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி; 67 பேரில் ஒருவர் பள்ளியில் படிக்கிறார்.

இத்தோடு நிறுத்துபவர்கள் கல்வி இல்லை என்ற பக்கம் நிற்கிறார்கள். ஆனால் மன்றோ இத்தோடு நிறுத்தவில்லை. 5 முதல் 10 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளை மட்டும் கணக்கில் எடுத்து, வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தால், படிப்போர் அவர்களில் நான்கில் ஒரு பங்கைவிட மூன்றில் ஒரு பங்குக்கே நெருக்கமாக இருப்பார்கள் என்று அவர் மதிப்பிட்டார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அண்மைக்காலம்வரை இருந்த நிலையைவிட இது மேல் என்றும் சேர்த்தார். தமிழ் மாவட்டங்களில் மாணவர்களில் பெரும்பான்மையோர் பிராமணர் அல்லாதவர்கள் என்பது கலெக்டர்கள் அனுப்பிய பட்டியல்களில் தெளிவாக இருக்கிறது. மறுபுறம், மொத்த மாணவர்களில் பெண் பிள்ளைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. எல்லாருக்கும் கல்வி இருந்தது என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த எண்ணை ஏன் விழுங்கிவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

ஆசிரியர் என்ற முறையில் தங்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்றும் அந்தக் குறிப்பில் உண்டு. கல்வி தாழ்ந்து கிடப்பதற்கு மக்களின் வறுமையையும் ஆசிரியரின் குறைந்த வருமானத்தையும் அவர் காரணமாகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா. அதனால் ஓர் ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. தாலூகா தோறும் ஒரு பள்ளி அமைத்து ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாயும், மாவட்டத் தலைமைப் பள்ளிகளில் 15 ரூபாயும் சர்க்காரே கொடுக்கலாம் என்று திட்டம் வகுத்தார். கல்வி வாரியம் ஒன்றும் அமைந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட, திட்டம் தளர்ந்துபோனது.

கேள்வி: மன்றோவை மக்களின் நண்பர் என்று புகழ்கிறார்கள். எனக்கு அவர் இனிமையாகப் பேசிச் சுரண்டிய இன்னொரு வெள்ளைக்காரராகவே தெரிகிறார். உங்கள் தீர்ப்பு என்ன?
— மதுரை, கல்லூரி மாணவி

பதில்: தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் சொல்லும் இரண்டு மன்றோக்களும் ஒரே ஆள் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

புகழத்தக்க மன்றோ இருக்கிறார். 1813இல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தபோது, நாகரிகம் என்பது இரு நாடுகளுக்கிடையே விற்றுவாங்கும் சரக்காகுமானால், அதை இறக்குமதி செய்வதால் இலாபம் அடையப்போவது இங்கிலாந்துதான் என்று சபையிலேயே சொன்னார். ஓர் இந்தியச் சால்வையைத் தான் ஏழாண்டுகள் பயன்படுத்தியும் அதில் மாற்றமே தெரியவில்லை என்றும், ஐரோப்பியச் சால்வையைச் சும்மா கொடுத்தாலும் உடுத்த மாட்டேன் என்றும் சொன்னவர் அவர். படையெடுத்து வந்த பிறர் இந்நாட்டு மக்களைக் கொடுமைப்படுத்தியிருக்கலாம், ஆனால் நம்மைப் போல ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் நாணயமற்றவர்கள் என்று இகழ்ந்தவர்கள் இல்லை என்று தம் இனத்தாரையே இடித்துரைத்தார். உயர்ந்த பதவிகளை இந்தியர்களுக்குத் தர வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1816இல் ஊர் முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் வழக்குகளைக் கேட்கும் அதிகாரம் கிடைத்தது அவருடைய முயற்சியால்தான்.

இனி உங்கள் மன்றோ. பெல்லாரி, கடப்பைச் சீமையில் ஏறத்தாழ 80 பாளையக்காரர்கள் இருந்தார்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட மறு ஆண்டு மன்றோ அங்கே போனார். தீர்வையை உயர்த்தியும் படைகளைக் கலைத்தும் அவர்களை ஒடுக்குவதில் அவர் தயக்கம் காட்டவில்லை. ஒரு பாளையக்காரரை நடத்திய விதத்துக்காகக் கும்பினி இயக்குநர்களே அவரைக் கண்டித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1822இல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிக் கருத்துக் கேட்டபோது, சுதந்திரமான பத்திரிகையும் அந்நியரின் ஆட்சியும் நெடுநாள் சேர்ந்து இருக்க முடியாது என்று எழுதினார். அந்த இரண்டில் எது போக வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு அந்த வாக்கியத்தின் நேர்மை பிடிக்கும், முடிவு பிடிக்காது.

1824 டிசம்பர் 31ஆம் தேதி அவர் எழுதிய நீண்ட குறிப்பில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. இந்தியர்கள் தாமே முறையான அரசாங்கம் அமைத்துக்கொள்ளும் நிலையை ஏதோ ஒரு காலத்தில் அடைவார்கள், அப்போது நாம் விலகிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது என்கிறார். அதுவரை இந்நாட்டை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அங்கேயே சொல்கிறார். குடியானவன் பிழைத்தால் தீர்வை வரும், தீர்வை வந்தால் ஆட்சி நிலைக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் குடியானவன்மேல் அவருக்கு இருந்த பரிவு பொய் அன்று. அந்தப் பரிவு கும்பினிக்காக என்பதும் பொய் அன்று.

அவருக்குப் பின் வந்தவர்களிடம் கணக்கு மட்டும் மிஞ்சியது. இடைத்தரகர் இல்லாத முறையில் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே தாசில்தாரின் சேவகன் நின்றான். 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில், தீர்வை கட்டாதவர்களுக்கு விரல்களை நெரிக்கும் கிட்டி மாட்டியதும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்னும் தண்டனையும் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. மன்றோ இறந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கொடுமைகளை அவர்மேல் ஏற்றுவது நியாயம் இல்லை. ஆனால் அவர் வகுத்த முறையில் அவற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: மன்றோவின் முடிவு எப்படி நேர்ந்தது? அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?
— ஓசூர் வாசகர்

பதில்: பர்மியப் போருக்குச் சென்னையிலிருந்து படையும் தளவாடமும் திரட்டி அனுப்பியதற்காக 1825இல் அவருக்குப் பாரோனெட் என்னும் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே பதவியிலிருந்து விடுவிக்கும்படி கேட்டிருந்தார். நோயுற்ற இளைய மகனோடு மனைவி ஜேன் 1826இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். புதிய ஆளுநர் வந்து சேரத் தாமதமாகிக்கொண்டே போனது. அந்த இடைவெளியில், தான் அளந்த பழைய சீமையை இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827 மே மாத இறுதியில் கிளம்பினார். அனந்தபூர்ப் பக்கத்துக் கூத்தி (Gooty) என்னும் ஊரை அடைந்தபோது கூட வந்தவர்களிடையே காலரா பரவியிருந்தது. ஜூலை 6ஆம் தேதி காலையில் பத்திகொண்டாவில் அவரையும் அது பிடித்தது. அன்று இரவே இறந்தார், வயது 66.

உடலைக் கூத்திக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1831இல் அங்கிருந்து எடுத்துச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். கூத்தியில் அவர் நினைவாக வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் கட்டப்பட்டது. பத்திகொண்டாவில் சர்க்கார் ஒரு தோப்பு வைத்து, கிணறும் வெட்டியது.